மூட்டுக்குள் இருப்பது என்ன உலோகம்? மட்டக்களப்பில் இருமுறை எடுக்கப்பட்ட ஓர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்

செயற்கை முழங்கால் பொருத்தப்பட்டவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் படம் கெடும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கெடும், எந்தப் பக்கம் கெடும், எந்தப் பகுதி தப்பும் என்பவை உள்ளே இருக்கும் உலோகத்தைப் பொறுத்தவை என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் அந்த உலோகத்தின் பெயரைக் கேட்காமலேயே நோயாளியை இயந்திரத்துக்குள் அனுப்பிவிடுகிறோம். அப்படி அனுப்பப்பட்ட ஒருவரின் கதையை, அவருடைய சம்மதத்துடன், ஆள் அடையாளம் தெரியாதபடி இங்கே பதிவு செய்கிறேன். நான் மட்டக்களப்பில் பணியாற்றும் ரேடியோகிராபர். என் கைப்பட நடந்த தவறு ஒன்றும் இதில் உண்டு.

பின்னணி

நோயாளி 62 வயதுப் பெண். படுவான்கரையில் வயலும் மாடுமாக வாழ்ந்தவர். வலது முழங்கால் பல வருடங்களாகத் தேய்ந்து, கால் வெளிப்புறமாக வில்போல் வளைந்திருந்தது. மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு வைத்தியசாலையில் அந்த மூட்டு மாற்றப்பட்டது. கால் நேரானது. நான்காம் மாதத்தில் ஊன்றுகோலை விட்டார். அதற்குப் பிறகு அவரை வீட்டில் இருத்திவைக்க முடியவில்லை என்று மகள் சொன்னார்.

ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமம் நடந்து போவது அந்தக் குடும்பத்தில் தலைமுறை வழக்கம். முழங்கால் வலியால் எட்டு வருடங்கள் அவர் போகவில்லை. கால் சுகமானால் நடந்து வருவதாக நேர்த்தி வைத்திருந்தார். அறுவைச் சிகிச்சை முடிந்து 13 மாதங்கள் ஆகியிருந்தபோது திருக்கோவிலில் யாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்து பொத்துவில், பாணமை வழியாக உகந்தை மலை முருகன் கோயில் வரை நடந்தார். காட்டுப் பாதை திறப்பதற்காக உகந்தையில் காத்திருந்த இரவில் முழங்காலுக்குக் கீழே உட்புறமாக வலி தொடங்கியது. விடிந்தபோது காலை ஊன்ற முடியவில்லை. குமண, யால காடுகளின் ஊடாகப் போகும் மிச்சத் தூரத்தை விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினார்.

எலும்பியல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. செயற்கை மூட்டு இருந்த இடத்தில் இருந்தது. முறிவு எதுவும் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சியைக் காட்டும் இரண்டு அளவுகளில் சி.ஆர்.பி. சாதாரணம், ஈ.எஸ்.ஆர். சற்றுக் கூடுதல். மூட்டிலிருந்து எடுத்த நீரில் கிருமி வளரவில்லை. ஆனாலும் வலி குறையவில்லை. புதிய மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்துவிட்டதா, மெதுவாக வளரும் தொற்று ஏதும் உண்டா என்ற இரண்டும் வைத்திய நிபுணருக்குக் கவலையளித்தன. இரண்டில் எதுவானாலும் பொருத்தியதைக் கழற்றி மறுபடி பொருத்தும் பெரிய அறுவைச் சிகிச்சை வரை போகலாம். எனவே எம்.ஆர்.ஐ. கேட்டார்.

முதல் ஸ்கேன்

அது தனியார் நிலையம் ஒன்றில் எடுக்கப்பட்டது. நிரப்பக் கொடுத்த படிவத்தில் ‘உடலில் உலோகம் உள்ளதா?’ என்று ஒரு வரி இருந்தது. ‘வலது முழங்கால்’ என்று மகள் எழுதினார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. வழக்கமான முழங்கால் படப்பிடிப்பு முறையே பயன்படுத்தப்பட்டது. அறிக்கை இரண்டே வரிகள்: உலோகத்தால் படம் சிதைந்துள்ளது, மதிப்பிட முடியவில்லை.

அறிக்கையைக் கையில் கொடுத்தவர் ‘உலோகம் இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கவே கூடாது’ என்றும் சொல்லிவிட்டார். இந்தச் சொல் செய்த கேட்டை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பாதுகாப்பும் படத்தின் தரமும் வெவ்வேறு விடயங்கள். இன்று பொருத்தப்படும் முழங்கால் மூட்டுகளில் உள்ள உலோகக் கலவைகளைக் காந்தம் பிடித்து இழுப்பதில்லை. அவை எலும்போடு இறுகியும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் உறையில் மஞ்சள் முக்கோண அடையாளம் இருக்கும். குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் ஸ்கேன் எடுக்கலாம் என்பதே அதன் பொருள். எடுக்கவே கூடாதவற்றுக்கு அடையாளம் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும். குடும்பத்துக்கு இந்த வேறுபாட்டை எவரும் விளக்கவில்லை. தாயை ஆபத்தில் தள்ளிவிட்டோம் என்ற பயத்தில் மகள் ஐந்து வாரங்கள் கிளினிக் பக்கமே போகவில்லை. அந்த ஐந்து வாரமும் அந்த அம்மா எண்ணெய் பூசிக்கொண்டு அதே காலில் நடந்துகொண்டிருந்தார்.

சீடியில் கண்டவை

வலி கூடியதும் மறுபடி கிளினிக்குக்கு வந்தார்கள். நிபுணர் அந்தச் சீடியை என்னிடம் அனுப்பி, ‘இதைவிட நல்ல படம் எடுக்க முடியுமா, முடியாதா? ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டார்.

சீடியில் படங்களோடு அவை எடுக்கப்பட்ட அமைப்பு விவரங்களும் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இயந்திரம் சமிக்ஞையைப் பெறும் மீடிறன் (அதிர்வெண்) பட்டையின் அகலம் ஒரு படப்புள்ளிக்கு 130 ஹேர்ட்ஸ். வெட்டு ஒன்றின், அதாவது உடலைச் சீவியதுபோல் எடுக்கும் ஒவ்வொரு படத்தின், தடிப்பு 4 மில்லிமீற்றர். கொழுப்பை மறைக்க, அதன் மீடிறனைக் குறிவைத்து அடிக்கும் வழக்கமான முறை. உலோகம் இல்லாத முழங்காலுக்கு இவை நல்ல தெரிவுகள். உலோகம் இருக்கும் முழங்காலுக்கு மூன்றும் பொருந்தாதவை.

அடுத்து, கறுப்பின் வடிவத்தைப் பார்த்தேன். தொடை எலும்பின் நுனியைச் சுற்றி முஷ்டியளவு கறுப்பு. அதன் ஓரம் முழுவதும் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை விளிம்பு. அதற்குக் கீழே கணைக்கால் எலும்பின் தலையில் இருந்த கறுப்பு, அங்கே பொருத்தப்பட்ட தட்டும் அதன் தண்டும் எந்த உருவமோ ஏறக்குறைய அந்த உருவத்திலேயே இருந்தது. ஒரே அமைப்பில் எடுத்த ஒரே படத்தில் மேலே ஒரு விதமும் கீழே ஒரு விதமுமாகச் சிதைவு இருந்தால் இரண்டும் ஒரே உலோகமாக இருக்க முடியாது. மேலே கோபால்ட்-குரோமியம், கீழே டைட்டானியம் என்று ஊகித்தேன். வலி கீழே. ஆகவே முயற்சி செய்யலாம் என்று நிபுணருக்குப் பதில் சொன்னேன்.

மூன்றாவதாகக் கண்டது என்னைத் திடுக்கிட வைத்தது. இடம் குறிப்பதற்காக முதலில் எடுக்கும் அகலமான படத்தில் இடது தொடையும் விழுந்திருந்தது. அங்கே தேசிக்காயளவு வட்டக் கறுப்பு ஒன்று. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

உலோகம் படத்தைக் கெடுக்கும் விதம்

காந்தப் புலத்துக்குள் வைத்த எந்தப் பொருளும் சிறிதளவேனும் காந்தமாகும். எவ்வளவு என்பதைப் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். நீரும் உடல் இழையங்களும் எதிர்த் திசையில் ஏறக்குறைய 9. டைட்டானியம் நேர்த் திசையில் 180 அளவில். கோபால்ட்-குரோமியக் கலவை 900 அளவில். துருப்பிடிக்காத உருக்கு சில ஆயிரங்கள். சாதாரண இரும்பு இந்த வரிசைக்கே அடங்காது.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குக் கண் இல்லை. ஒரு சமிக்ஞையின் மீடிறனை வைத்தே அது உடலின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணிக்கிறது. மீடிறன்தான் முகவரி. உலோகத்துக்கு அருகில் காந்தப் புலம் மாறுகிறது. புலம் மாறினால் மீடிறன் மாறுகிறது. முகவரி பிழைத்த கடிதங்கள்போல அந்த இடத்தின் சமிக்ஞைகள் எல்லாம் அயல்வீட்டில் போய்ச் சேர்கின்றன. கடிதம் வராத வீடு கறுப்பு. பல வீட்டுக் கடிதங்கள் குவிந்த வீடு அந்தக் கூசும் வெள்ளை விளிம்பு. இந்தப் பிழை இரண்டு திசைகளில் நடக்கும்: ஒரு வெட்டின் உள்ளேயே பக்கவாட்டில் நகர்வது ஒன்று, வேறு வெட்டுக்கே தாவிவிடுவது மற்றொன்று.

கொழுப்பை மறைக்கும் முறையும் இதனாலேயே தோற்றது. 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) இயந்திரத்தில் நீருக்கும் கொழுப்புக்கும் உள்ள மீடிறன் இடைவெளி 220 ஹேர்ட்ஸ் அளவுதான். உலோகத்துக்கு அருகில் மீடிறன் ஆயிரக்கணக்கில் விலகிப்போகிறது. கொழுப்புக்கு வைத்த அடி கொழுப்பில் விழாது. சில இடங்களில் நீரிலேயே விழும். எலும்பு மச்சையில் நீர்க்கோப்பை, அதாவது பாதிக்கப்பட்ட இடத்தில் சேரும் நீரை, தேடுகிற ஒருவருக்கு, மறையாத கொழுப்பு நோய்போலவும் மறைந்துபோன நீர்க்கோப்பு சுகம்போலவும் தோன்றும். இது கறுப்பைவிட அபாயமானது. கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை என்பதாவது தெரியும்.

செயற்கை முழங்காலில் உலோகமல்லாத பகுதிகளும் உண்டு. நடுவில் இருக்கும் பொலிஎதிலீன் தகடும் எலும்புச் சீமெந்தும் சமிக்ஞை தருவதில்லை, கறுப்பாகவே விழும். ஆனால் தம் எல்லைக்குள் இருக்கும், அயலைக் கெடுக்காது. தொடைப் பகுதிக்கு ஒட்சியேற்றிய சேர்க்கோனியம் பயன்படுத்தும் மூட்டுகளும் இருக்கின்றன. அவற்றின் சிதைவு கோபால்ட்-குரோமியத்தைவிடக் கணிசமாகக் குறைவு. ‘முழங்கால் மாற்று’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடுகள் இருக்கின்றன.

ஸ்டிக்கரைத் தேடியது

ஊகத்தை நம்பி ஒருவரை ஐம்பது நிமிடம் இயந்திரத்துக்குள் படுக்கவைக்க நான் விரும்பவில்லை. மூட்டு மாற்றும்போது ஒவ்வொரு பாகத்தின் உறையிலிருந்தும் ஸ்டிக்கரை உரித்து அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் ஒட்டுவார்கள். அதில் பாகத்தின் எண்ணும் உலோகமும் இருக்கும். நோயாளியின் நோய் நிர்ணய அட்டையிலோ கிளினிக் கொப்பியிலோ அது இல்லை. ‘வலது முழங்கால் மாற்றம்’ என்று ஒரு வரி மட்டும்.

அறுவைச் சிகிச்சை நடந்த இடத்துக்கு நிபுணர் தொலைபேசியில் பேசினார். நான்காம் நாள் அங்குள்ள தாதி ஒருவர் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். தொடைப் பாகம் கோபால்ட்-குரோமியம்-மொலிப்டினம். கணைக்கால் தட்டு, 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம். இரண்டுக்கும் நிபந்தனையுடன் ஸ்கேன் எடுக்கலாம் என்ற மஞ்சள் முக்கோணம்.

கொழும்புக்கு அனுப்பாத முடிவு

இதற்கிடையில் கத்தாரில் இருந்த மகன், கொழும்பில் 3 டெஸ்லா இயந்திரத்தில் எடுக்கச் சொல்லிப் பணமும் அனுப்பிவிட்டார். ‘சேர், பெரிய இயந்திரத்தில் தெளிவாக விழும் என்று அண்ணா சொல்கிறார்’ என்றார் மகள். அந்த எண்ணத்தில் நியாயம் இருந்தது. மூளைக்கோ உலோகமில்லாத மூட்டுக்கோ அது பெரும்பாலும் உண்மை. உலோகத்தோடு அப்படி நடப்பதில்லை. காந்தப் புலம் இரட்டித்தால் உலோகத்துக்கு அருகே ஏற்படும் மீடிறன் விலகலும் இரட்டிக்கிறது. அதே அமைப்பில் எடுத்தால் கறுப்பு இன்னும் பரவும். காலை ஊன்ற முடியாதவர் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் போய் இன்னும் மோசமான படத்தோடு திரும்பியிருப்பார்.

செமாக், மாவ்ரிக் என்ற இரண்டு படப்பிடிப்பு முறைகள் 2009ஆம் ஆண்டு வெளிவந்தன. வேறு வெட்டுக்குத் தாவிய சமிக்ஞைகளைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்து அவற்றின் இடத்தில் வைக்கக்கூடியவை. அந்த மென்பொருள் உள்ள 1.5 டெஸ்லா இயந்திரத்துக்கு அனுப்பினால் பயன் இருந்திருக்கும். எங்கள் இயந்திரத்தில் அது இல்லை. ஆனால் வலி டைட்டானியத் தட்டுக்குக் கீழே இருந்ததால், முதலில் இங்கே முயல்வோம், முடியாவிட்டால் அப்படியொரு இயந்திரத்துக்கு அனுப்புவோம் என்று தீர்மானித்தோம். சி.டி. ஸ்கேன் பற்றியும் பேசினோம். அதிலும் கோபால்ட்-குரோமியம் கீற்றுக் கீற்றாகப் படத்தைக் கெடுக்கும். தொடக்க நிலையில் உள்ள முறிவின் நீர்க்கோப்பு அதில் தெரிவதும் அரிது. அணுக்கதிர் எலும்பு ஸ்கேனில், மூட்டு மாற்றி ஒரு வருடம் கடந்த பின்னும் எலும்பு இயல்பாகவே ஒளிரக்கூடும் என்பதால் பதில் தெளிவாக வராது.

ஷெல் துண்டு

இடது தொடைக் கறுப்பு என் மனதை விட்டுப் போகவில்லை. அவ்வளவு பெரிய வட்டத்தை உண்டாக்கும் பொருள் அந்த அளவில் இருந்தால் நடக்கவே முடியாது. பொருள் சிறியது, கறுப்பு பெரியது என்றால் அது இரும்பு. நோயாளியை நேரில் அழைத்து, ‘அம்மா, இடது தொடையில் எப்போதாவது காயம் பட்டதா?’ என்று கேட்டேன்.

‘அது தொண்ணூறில் ஷெல் விழுந்தபோது பட்டது, மகன்’ என்றார். ‘ஒரு துண்டு உள்ளேயே இருக்கிறது. எடுக்கத் தேவையில்லை என்று அப்போது டொக்டர் சொன்னார்.’

உலோகம் உள்ளதா என்று கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். அவருக்கு உலோகம் என்பது வைத்தியர் வைத்தது. தொடையில் இருப்பது ஷெல் துண்டு. அதை உலோகம் என்று அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட நினைத்ததில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்த வயதினரில் எத்தனை பேரிடம் அப்படித் துண்டுகளும் சன்னங்களும் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நாங்கள் பயன்படுத்தும் படிவங்கள் வேறு நாடுகளின் படிவங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. இதய இயக்கி, காதுக் கருவி, பல் எல்லாம் அவற்றில் இருக்கும். யுத்தம் இருக்காது.

முழங்காலில் உள்ள உலோகத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. இந்தத் துண்டுக்கு அஞ்ச வேண்டியிருந்தது. ஷெல் துண்டு காந்தத்தால் இழுபடும் உருக்காக இருக்கலாம். இரத்தக் குழாய்க்கோ நரம்புக்கோ அருகில் இருந்து அசைந்தால் விளைவு பாரதூரமானது. கண்ணுக்குள் இருந்தால் பார்வையே போகலாம். முகத்திலோ தலையிலோ முதுகிலோ காயம் பட்டதா என்று தனித்தனியாகக் கேட்டோம், இல்லை. தொடைக்கு இரு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தோம். நெல்மணியளவு துண்டு, வெளிப்புறத் தசைக்குள், பெரிய குழாய்களிலிருந்து விலகி இருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாகத் தழும்புத் திசுவால் சூழப்பட்டுவிட்டது. முதல் ஸ்கேனின்போது எந்த இழுப்பும் சூடும் உணரவில்லை என்றார். அது தற்செயலாகக் கிடைத்த நல்ல செய்தி. யாரும் யோசித்துச் செய்த பாதுகாப்பு அதில் இல்லை. கதிரியல் வைத்திய நிபுணரும் எலும்பியல் நிபுணரும் பேசி, 1.5 டெஸ்லாவில், குறைந்த வலு எல்லைக்குள், கட்டிலை மிக மெதுவாக நகர்த்தி எடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஆபத்து என்ன என்பதை நோயாளிக்கும் மகளுக்கும் விளக்கிச் சம்மதம் பெறப்பட்டது.

இரண்டாவது ஸ்கேன்

கட்டிலை உள்ளே நகர்த்துவதற்கு முன், தொடையில் சிறிதளவு இழுப்பு உணர்ந்தாலும் அழுத்தச் சொல்லி எச்சரிக்கைப் பந்தைக் கையில் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறையும் அழுத்தவில்லை.

பட்டையின் அகலத்தை 130இலிருந்து 520 ஹேர்ட்ஸுக்கு உயர்த்தினேன். அகலம் நான்கு மடங்கானால் வெட்டுக்குள் நடக்கும் நகர்வு நான்கில் ஒன்றாகக் குறையும். இதற்கு விலை உண்டு: இரைச்சல் கூடி, சமிக்ஞையின் தெளிவு பாதியாகிறது. இழந்ததை மீட்க நான்கு முறை எடுத்துச் சராசரி காண வேண்டும். நேரமும் நான்கு மடங்காகும். வலியோடு படுத்திருப்பவருக்கு அது அதிகம் என்பதால் மூன்றோடு நிறுத்தினேன். வெட்டின் தடிப்பை 3 மில்லிமீற்றராக்கினேன். சிதைவைப் பெருக்கும் கிரேடியன்ட் எக்கோ என்ற வகைப் படங்களை விட்டுவிட்டேன். எல்லாம் சிதைவு குறைவான வேகமான ஸ்பின் எக்கோ வகை.

கொழுப்பை மறைக்க ஸ்டிர் முறை. அது மீடிறனைப் பார்ப்பதில்லை. கொழுப்பு தன் நிலைக்கு மீளும் நேரத்தை வைத்து அதை அடக்குகிறது, 1.5 டெஸ்லாவில் 150 மில்லிசெக்கன் அளவில் அந்தக் கணம் வரும். உலோகத்துக்கு அருகில் நம்பக்கூடிய முறை இதுதான்.

என் தவறு இங்கே நடந்தது. காலை முன்புறமிருந்து பார்ப்பதுபோல் காட்டும் வெட்டுகளின் முதல் தொகுதியை எடுத்தபோது, மீடிறனை எந்தத் திசையில் வாசிப்பது என்ற அமைப்பை மாற்ற மறந்துவிட்டேன். அது இயந்திரத்தின் வழக்கப்படி தலையிலிருந்து பாதத்துக்கு என்று இருந்தது. நகர்வு மீடிறன் திசையில்தான் நடக்கும். ஆகவே தொடைப் பாகத்தின் கறுப்பு நாக்குப்போல நீண்டு, நான் பார்க்க விரும்பிய கணைக்கால் எலும்பின் மேலேயே விழுந்தது. ஒன்பது நிமிடம் வீண். திசையை இடம்-வலமாக மாற்றி மறுபடி எடுத்தேன். அப்போது தொடையின் சிதைவு பக்கவாட்டில் போனது. தட்டுக்குக் கீழே இடம் திறந்தது. இப்படித் திசையை மாற்றினால் சட்டகத்துக்கு வெளியே இருக்கும் காலின் பகுதிகள் படத்துக்குள் மடிந்து விழும். அதைத் தடுக்க மேலதிகமாக மாதிரி எடுக்க வேண்டும். அதற்கும் நேரம் போனது. மொத்தம் 54 நிமிடங்கள். ‘முடிந்ததா மகன்?’ என்று ஒருமுறை மட்டும் கேட்டார்.

கண்டறிந்ததும் சிகிச்சையும்

ஸ்டிர் படத்தில் டைட்டானியத் தண்டின் நுனிக்குச் சற்றுக் கீழே, கணைக்கால் எலும்பின் உட்புறத்தில், குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை. அதே இடத்தில் மற்றப் படத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. கதிரியல் நிபுணரின் அறிக்கை அழுத்த முறிவு என்றது: திரும்பத் திரும்ப இறங்கும் பாரத்தால் எலும்பில் விழும் மெல்லிய முறிவு. தட்டுக்கும் எலும்புக்கும் இடையே தளர்வைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. தொடைப் பாகத்துக்கு நேர் பின்னே உள்ள எலும்பு இந்தப் படத்திலும் தெரியவில்லை என்பதையும் அந்த அறிக்கை ஒளிக்காமல் எழுதியது. அதை எழுதியதற்காகவே அந்த நிபுணரை மதிக்கிறேன்.

பின்னோக்கிப் பார்த்தால் கதை பொருந்துகிறது. வளைந்த காலில் பல வருடங்கள் ஒரு விதமாக இறங்கிய பாரம், கால் நேரானதும் வேறு விதமாக இறங்கத் தொடங்கியது. எட்டு வருடம் அதிகம் நடக்காத எலும்பு. பின்னர் சில நாட்களில் தொடர்ச்சியாக அத்தனை கிலோமீற்றர். பரிசோதித்தபோது விற்றமின் டி குறைவு. எலும்பின் திண்மையும் குறைவு.

பொருத்தியதைக் கழற்றும் பேச்சு அதோடு நின்றது. வோக்கர் துணையோடு, வலது காலில் பாரம் கொடுக்காமல் எட்டு வாரம். கல்சியமும் விற்றமின் டியும். பின் எலும்புத் திண்மைக்கான மருந்து. மூன்று வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், எம்.ஆர்.ஐ. காட்டிய அதே இடத்தில் மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தது: முறிவு கூடும் அடையாளம். நான்காம் மாதம் வலியில்லாமல் நடந்து வந்தார்.

மாற்றியவையும் இன்னும் மாறாதவையும்

முதல் எக்ஸ்ரேயை மூன்று வாரத்தில் மறுபடி எடுத்திருந்தால் இந்த முறிவு எம்.ஆர்.ஐ. இல்லாமலே தெரிந்திருக்கக்கூடும். நடைப் பயணத்துக்குப் பிறகு தொடங்கிய வலி என்பது கிளினிக் கொப்பியில் எழுதப்படவே இல்லை. ‘முழங்கால் வலி, 3 வாரம்’ என்றுதான் இருந்தது. உகந்தைக் கதையை மகள் என்னிடம்தான் முதலில் சொன்னார். அந்த வரி எம்.ஆர்.ஐ. கோரிக்கைப் படிவத்தில் இருந்திருந்தால் முதல் ஸ்கேனை எடுத்தவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்கும்.

உலோக மூட்டுக்கான அமைப்புத் தொகுதி ஒன்றை இயந்திரத்தில் தனியாகச் சேமித்துவிட்டேன். மீடிறன் திசை அதில் முன்கூட்டியே மாற்றப்பட்டிருக்கிறது. என் ஞாபகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. பாகத்தின் ஸ்டிக்கரோ அதன் படமோ இல்லாமல் வரும் செயற்கை மூட்டு நோயாளிக்கு அவசரம் இல்லையென்றால் நாள் குறிப்பதில்லை; முதலில் ஸ்டிக்கரைத் தேடுகிறோம். சிலருக்கு அது கிடைப்பதே இல்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில் அந்தச் சிறு துண்டுத் தாளை நோயாளியின் கையில் கொடுக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் வர வேண்டும். செலவில்லாத காரியம் இது. இன்னும் நடக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

எங்கள் பாதுகாப்புப் படிவத்தில் ‘உடலில் உலோகம்’ என்ற வரிக்குக் கீழே, ‘ஷெல் துண்டு, சன்னம், குண்டுச் சிதறல் ஏதும் உள்ளதா? யுத்தக் காலத்தில் காயம் பட்டதா?’ என்ற வரியைச் சேர்த்திருக்கிறோம். படிவத்தை நோயாளியிடம் கொடுத்துவிட்டுப் போவதில்லை. நாங்களே பக்கத்தில் இருந்து வாய்விட்டுக் கேட்கிறோம். சிலர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் அழுகிறார்கள். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆடிவேலுக்கு அந்த அம்மா உகந்தைக்குப் பஸ்ஸில் போய் நேர்த்தியை அங்கேயே முடித்துக்கொண்டார். அவருடைய கிளினிக் கொப்பியின் முன் அட்டைக்கு உட்புறத்தில் ஸ்டிக்கரின் பிரதி ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே மகளின் கையெழுத்தில் இரண்டு வரிகள்: ‘வலது முழங்கால்: மேலே கோபால்ட்-குரோமியம், கீழே டைட்டானியம். இடது தொடை: ஷெல் துண்டு, 1990.’